கல்யாணத்துக்கு வராதவர்கள் வீட்டுக்குப் போன பாம்புக்குட்டிகள்

லூசியாவின் கல்யாணத்துக்கு வராத பதினோரு பேரின் வீட்டுக்கும், கல்யாணம் முடிந்து நாலரை வருஷம் கழித்து, ஒரே வாரத்தில், ஆளுக்கொரு பாம்புக்குட்டி போய்ச் சேர்ந்தது. எல்லாம் ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் மேலே நீளம், சுண்டுவிரலைவிட ஒல்லி, ஆரஞ்சு நிறம், முதுகில் கறுப்புக் கரை கட்டிய சிவப்புத் திட்டுகள். விழுப்புரத்திலிருந்து கிளம்பியவற்றில் பெரும்பாலானவை திண்டிவனத்துக்குப் போயின, இரண்டு கண்டாச்சிபுரத்துக்கு, ஒன்று பனமலை ஏரிக்கரைக்கு. யாரும் கொண்டுபோய் விடவில்லை, யாரும் வழி சொல்லவில்லை. அது 1998 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம். கரும்பு லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஓடிய நாட்கள். அப்படியும் ஒரு குட்டிகூட நசுங்கவில்லை.

லூசியா திண்டிவனத்துக்காரி. நிலக்கடலையை மல்லாட்டை என்கிற ஊர்; மரக்காணம் ரோட்டில் மல்லாட்டை எண்ணெய் மில் வைத்திருந்த குடும்பம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, அவளை வளர்த்தது அண்ணன் சவுரிராயன். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தலை பின்னிவிட்டதும் அவர்தான். மில்லிலிருந்து அப்படியே வந்து பின்னுவதால் லூசியாவுக்குத் தனியாக எண்ணெய் வைக்கத் தேவையில்லை என்று தெருவில் கேலி செய்வார்கள். கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போட விழுப்புரத்திலிருந்து வந்த பிரான்சிஸைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொன்னபோது சவுரிராயன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "எனக்குத் தங்கச்சின்னு யாரும் இல்ல" என்றார், அவ்வளவுதான். பிரான்சிஸ் ஆட்களும் லூசியா ஆட்களும் ஒரே சாமியார் கையால் நற்கருணை வாங்குகிறவர்கள்தான். ஆனால் செத்தால் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர்கள். 1993 மே மாதம் விழுப்புரத்தில் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டாருக்கென்று விட்டிருந்த முன்வரிசை பெஞ்சு பூசை முடியும்வரை காலியாகவே இருந்தது. லூசியா மாப்பிள்ளையைப் பார்த்த நேரத்தைவிட அந்த பெஞ்சைப் பார்த்த நேரம்தான் அதிகம். அன்றிலிருந்து சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடித்ததும், வராத பதினோரு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். சாபமாகவும் இல்லை, ஜெபமாகவும் இல்லை. சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போவாள். பிரான்சிஸ் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

பிரான்சிஸுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. 1997 ஐப்பசியில் குயிலாப்பாளையத்தில் ஒரு பிரிவுபசார விழாவுக்கு மைக் செட் போடப் போனான். அங்கே வாடகைக்கு இருந்த ஒரு ஜெர்மன்காரர் ஊருக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அவர் எப்போதோ காலுறைக்குள் சுருட்டி விமானத்தில் கொண்டுவந்த பாம்பு, அந்த நேரம் பார்த்து முட்டை போட்டிருந்தது. தாய்ப்பாம்பை மறுபடியும் காலுறைக்குள் வைத்துக்கொண்டார். முட்டையைக் காலுறைக்குள் வைக்க முடியாது. ஐஸ்கிரீம் டப்பாவில் ஈரத் தென்னைநாருக்குள் முட்டைகளைப் புதைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே பிரான்சிஸ் கையில் கொடுத்து, திருப்பக்கூடாது, காயக்கூடாது, குளிரக்கூடாது என்று மூன்றே விஷயம் சொன்னார். பிரான்சிஸும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"இன்னாங்க இது, காளானா?" என்றாள் லூசியா.

"பாம்பு முட்ட. அமெரிக்காவுல சோளக்கொல்லையில இருக்குமாம். விஷம் கெடையாது."

"வூட்ல ரெண்டு வயசுக் கொழந்த இருக்குது. நீங்க பாம்பு முட்டைய தூக்கிக்கினு வர்றீங்க."

"அந்தாளு அழுதுகினே குடுத்தாரு லூசி. நான் இன்னா பண்ணுவேன்?"

வெள்ளையாக, தோல் மாதிரித் தொய்வாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பதின்மூன்று முட்டைகள் இருந்தன. லூசியா இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. வீடு ஜில்லென்று ஆனது. பிரான்சிஸ் செஞ்சிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். லூசியா டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். செத்தவர் கை மாதிரி இருந்தது. வீட்டு முன்கட்டில் இருந்த மைக் செட் கடையில், வாடகைக்கு யாரும் கேட்காத ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் கிடந்தது. போட்டால் பத்து நிமிஷத்தில் இட்லிப்பானை மாதிரிச் சுடும். அதன் மேல் ஸ்பீக்கர் கழன்ற ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே ஒரு பலகை வைத்து, பலகைமேல் முட்டைகளை வைத்தாள். மைக்கைப் பிடுங்கினால் ஆம்ப்ளிஃபயர் உர்ரென்று உறுமியது. அதனால் மைக்கைச் செருகியபடியே சமையற்கட்டு அலமாரியில் வைத்தாள். இரண்டு மாதம் அது அங்கேயே இருந்தது. குழந்தை மெர்லினை அதட்டியது, பருப்பு வேகவில்லை என்று முனகியது, சாயங்கால ஜெபமாலை, அதற்குப் பிறகு பதினோரு பெயர்கள், எல்லாம் மைக் வழியாகப் போய், ஆம்ப்ளிஃபயரில் சூடாகி, முட்டைகளுக்குப் போயின. கரண்ட் போன நேரங்களில் வெந்நீர் பாட்டிலைப் பழைய புடவையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். இரண்டு முட்டை மஞ்சளடித்து அமுங்கிப் போயின. அவற்றைக் கிணற்றடி முருங்கைக்குக் கீழே புதைத்தாள். அன்றைக்குத்தான் தனக்கு அந்த முட்டைகள் வேண்டும் என்பது அவளுக்கே தெரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் பாக்கி முட்டைகளும் குழிவிழுந்தன. போச்சு, எல்லாம் போச்சு என்று அழுதுகொண்டே தூங்கியவள், காலையில் எழுந்து பார்த்தபோது ஒரு முட்டையில் பிளேடால் கீறினது போல ஒரு கோடு. அதிலிருந்து அரிசி மணி அளவுக்கு ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. அந்த மூக்கு தும்மியது. தும்மல், கடையில் அடுக்கியிருந்த, எந்த ஒயரும் கொடுக்காத குழாய் ஸ்பீக்கர்களில் கேட்டது. கிறிஸ்துமஸுக்காகக் கோயில் கோபுரத்தில் கட்டியிருந்த இரண்டு குழாயிலும் கேட்டது. அன்றும் மறுநாளும் தெருவில் மொத்தம் பதினோரு தும்மல் கேட்டன. டீக்கடையில் நின்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் "நூறு வயசு" என்று சொன்னார்கள். குட்டிகள் அவசரப்படவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டி, முட்டையை ஒரு போர்வை மாதிரிப் போர்த்திக்கொண்டு ஒரு பகல் முழுக்க லூசியாவைப் பார்த்துக்கொண்டிருந்தன. மெர்லின் பெட்டி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து தன் பிஸ்கட்டை நீட்டிக்கொண்டே இருந்தாள். பாம்பு என்றால் நாலு வீடு தள்ளி ஓடுகிற தெருப் பெண்கள் முதலில் வாசலில், பிறகு உள்ளே, பிறகு பெட்டிக்கே பக்கத்தில் வந்து நின்றார்கள். வயிற்றைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக, மணி பிடித்த சோளக்கதிர் மாதிரி இருந்தது.

ஆளுக்கொரு மிட்டாய் டப்பா. மூடியில் ஓட்டை, உள்ளே ஈரத் துணி, தண்ணீருக்கு ஒரு சோடா மூடி. புது வருஷத்துக்குள் எல்லாம் முதல் தோலை உரித்தன. உரித்ததும் நிறம் தீ மாதிரி ஆனது. அதற்குப் பிறகு பசிக்கும் என்று ஜெர்மன்காரர் சொல்லியிருந்தார். மல்லாட்டை ஏலம் போடும் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர்களிடம் சொல்லி, கண் திறக்காத எலிக்குஞ்சுகளைப் பிரான்சிஸ் வாங்கி வந்தான். லூசியா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, இடுக்கியால் நீட்டினாள். இரண்டாவது டப்பாவுக்கு வரும்போது முந்தானையை விட்டுவிட்டாள். கடைசி டப்பாவுக்கு வரும்போது, "தின்னுடா ராஜா, மெல்ல, மெல்ல" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். பதினொன்றும் தின்றன. மறுநாள் காலையில் பதினோரு டப்பாவும் மூடி போட்டபடியே காலியாக இருந்தன.

அவள் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. ஒருவாய்த் தீனி தின்ற குழந்தைகள், வெளியே போனால் காக்கா, கீரி, இல்லையென்றால் மனிதர்கள். ஆரஞ்சுப் பாம்பைப் பார்த்தால் இந்த ஜில்லாவில் யார் கையில் கம்பு எடுக்காமல் இருப்பார்கள்? தெருவே சாக்கடையெல்லாம் தேடியது. பிரான்சிஸ் ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு, குட்டிப் பாம்பு யார் கண்ணிலாவது பட்டால் அடிக்க வேண்டாம், விஷம் கிடையாது, குழந்தை மாதிரி வளர்த்தது என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிவிட்டு வந்தான். பொங்கல் அன்று மத்தியானம் வாசலில் ஒரு சத்தம். கண்டாச்சிபுரத்து செசிலி அத்தை, லூசியா அப்பாவுடன் பிறந்தவள், கையில் சில்வர் தூக்கோடு நின்றிருந்தாள்.

"ஏண்டி, நாலு வருஷமா வாயத் தொறக்காம இருந்துட்டு, இப்ப பாம்ப வுட்டு மெரட்டுறியா?"

"நான் அனுப்பல அத்தை. அதுவா வந்துச்சு."

"அதுவா வர்றதுக்கு அதுங்கிட்ட என் வூட்டு அட்ரஸ் இருக்குதா? கம்பத் தூக்கறேன், கை கீழ எறங்கல. அப்பிடியே நிக்குது. அது என்னிய பாக்குது, நான் அத்த பாக்குறேன். எவ்ளோ நேரம் நிக்கறது? ஊரெல்லாம் தெரியும், லூசியா வூட்ல கலர் பாம்பு பொரிச்சிருக்குதுன்னு. புடி ஒன் பாம்ப."

தூக்கைக் கொடுக்கக் குனிந்தவள் மெர்லினைப் பார்த்துவிட்டாள். லூசியா அப்பாவின் மூக்கு அப்படியே குழந்தை முகத்தில் இருந்தது. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பிறகு, சோறு இருக்கிறதா என்று கேட்டாள். மூன்று நாள் இருந்தாள். கிளம்பும்போது தூக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "அது எனக்குப் பழகிடுச்சி. இங்க ஒனக்கு கொழந்தயப் பாக்கவே நேரமில்ல" என்றாள்.

இப்படி ஒவ்வொருவராக வந்தார்கள். பனமலை அருள்நாதன், சித்தி மகன், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளிலேயே வந்தான். பெரியப்பா மருந்துப் பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்தார். எல்லாரும் சண்டை போடத்தான் வந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது எல்லாரும் குட்டியைத் தங்களோடு எடுத்துக்கொண்டு போனார்கள். பிரான்சிஸ் ஒவ்வொருவரையும் பஸ் ஏற்றிவிட்டு வந்தான். தவக்காலம் தொடங்குவதற்குள் பத்துப் பேர் வந்து போய்விட்டார்கள். சாயங்காலம் ஜெபமாலைக்குப் பிறகு லூசியா சொல்ல ஒரே ஒரு பெயர்தான் மிச்சம் இருந்தது. திண்டிவனம் மில்லிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை.

அண்ணி ஞானமேரி ஒருநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். "ஒங்கண்ணன் அத்த அடிக்கல லூசி. பயப்படாத. ஹார்லிக்ஸ் பாட்டில்ல வச்சி மில்லு ஆபீஸ்ல மேசை மேல வச்சிக்கினு இருக்காரு. அதுங்கிட்ட பேசறாரு. எங்கிட்ட பேசறத வுட ஜாஸ்தி."

"கூட்டிக்கினு வாங்க அண்ணி."

"நான் சொல்லி கேக்குற ஆளா அவுரு? திருப்பிக் குடுக்கணும்னா அங்க வரணுமே. அதுக்குத்தான் வச்சிக்கினு இருக்காரு."

அப்படியே ஏழு வருஷம் போனது. மற்ற பத்துக் குட்டிகளும் வளர்ந்து நாலு முழம், கட்டைவிரல் தடிமன் ஆயின. செசிலி அத்தையின் பாம்பு கேப்பைக் குதிருக்கு மேல் படுத்துக்கொண்டு எலியைப் பார்த்துக்கொண்டது. பெரியப்பா செத்தபோது அவருடைய பாம்பு நாற்பது நாள் தின்னாமல் துக்கம் காத்தது. சவுரிராயனின் பாம்பு மட்டும் வளரவில்லை. ஏழு வருஷமும் வாரம் ஒரு எலிக்குஞ்சு தின்றுகொண்டு, பொரித்த அன்று இருந்த அதே ஒரு ஜாணில் நின்றது. அங்கே வந்த பிறகு தோலும் உரிக்கவில்லை. மில்லுக்கு வருகிறவர்கள், "இன்னும் குட்டியாவே இருக்குதே" என்பார்கள். "அதுக்கு அவசரம் இல்ல" என்பார் சவுரிராயன்.

2005 ஏப்ரலில் அதன் கண் பால் மாதிரி வெளுத்தது. உடம்பு சாம்பல் பூத்தது. தோல் உரிக்கப் போகிறது என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் உரியவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். தின்னவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, வெளியே விட்டால் மேசைக் காலில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துக் களைத்துச் சுருண்டது. சவுரிராயன் விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தார். கால்நடை ஆஸ்பத்திரியில் ஆடு மாடு என்றால் பார்ப்போம் என்றார்கள். அன்றைக்கு மில்லை மத்தியானமே பூட்டினார். பாம்பை ஈரக் கைக்குட்டையில் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஞானமேரியிடம்கூடச் சொல்லாமல், விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார்.

லூசியா கடை வாசலில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது தலை நரைத்த ஒரு ஆள். யாரென்று தெரிய ஒரு நொடி ஆனது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"இது தோல் உரிக்க மாட்டேங்குது" என்றார்.

அண்ணா என்று கூப்பிடலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "குடுங்க" என்றாள். வெதுவெதுப்பான தண்ணீரில் அதை மிதக்கவிட்டாள். பிறகு ஈரத்துணிக்குள் வைத்து, உதட்டு ஓரத்தை ஆள்காட்டி விரலால் மெல்லத் தேய்த்தாள். வெங்காயச் சருகு போல ஒரு ஓரம் கிளம்பியது. "அந்த முனையப் புடிங்க. இழுக்காதீங்க. அது ஒடம்ப அதுவே இழுத்துக்கும்" என்றாள். சவுரிராயன் பிடித்தார். பாம்பு முன்னால் நகர, தோல் காலுறை கழல்வது போல் பின்னால் வந்தது. ஒரு ஜாண் வந்தது. ஒரு முழம் வந்தது. நிற்கவில்லை. வர வரப் பாம்பு அவள் கைக்குள் தடித்துக்கொண்டும் நீண்டுகொண்டும் போனது. சவுரிராயன் தோலை நூல்கண்டு மாதிரிக் கையில் சுற்ற ஆரம்பித்தார். கை நிறைந்ததும் எழுந்து முனையைப் பிடித்தபடி வாசலுக்கு நடந்தார். பிரான்சிஸ் ஓடிவந்து நடுவில் தாங்கிக்கொண்டான். மச்சானும் மச்சானும் முதல்முறையாகச் சேர்ந்து பிடித்தது அந்தத் தோலைத்தான்.

தோலில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வாசனை இருந்தது. சவுரிராயன் முனையைப் பிரான்சிஸ் கையில் கொடுத்துவிட்டு லூசியா பக்கத்தில் வந்து, வர வர முகர்ந்து பார்த்தார். "இது போன வருஷம். மில்லுல மோட்டாரு எரிஞ்சுது, அந்தக் கருகல்" என்றார். இன்னும் ரெண்டு முழம் வந்ததும், "இது ஒங்கண்ணிக்கு ஆபரேஷன் ஆன வருஷம். டெட்டால்" என்றார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று லூசியா கேட்கவில்லை. "அந்த வருஷந்தான் மெர்லின் கிணத்துல வுழுந்தா. இவுருதான் குதிச்சி தூக்கனாரு" என்றாள். அவர் ஒரு வருஷம் சொன்னார், அவள் ஒரு வருஷம் சொன்னாள். தோல் தெருவைத் தாண்டியது. டீக்கடைக்காரர், பள்ளிக்கூடம் விட்டு வந்த மெர்லின், பூக்காரி எல்லாரும் ஆளுக்கொரு இடத்தில் தாங்கி நின்றார்கள். வெயிலில் அது கண்ணாடி மாதிரி மின்னியது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் போனபோது 1998 வந்துவிட்டது. பாம்பு பொரித்த காலத்தோடு தோல் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறு என்று அது பாட்டுக்கு வந்தது. கடைசியில் ஒரு இடத்தில் மல்லிகைப்பூவும் பஸ் புகையும் கலந்து அடித்தது. சவுரிராயன் அந்த இடத்தைக் கையில் பிடித்தபடி தங்கச்சிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"இது ஒன் கல்யாணத்தன்னிக்கு" என்றார்.

லூசியா அந்த இடத்தை வாங்கி முகர்ந்தாள்.

"அன்னிக்கு நான் வேட்டி கட்டிக்கினு, மால வாங்கிக்கினு, பஸ் ஸ்டாண்டு வரிக்கும் வந்தேன். விழுப்புரம் வண்டி ஒண்ணு போச்சு. ரெண்டாவதும் போச்சு. மூணாவதுல கால் வச்சேன் பாப்பா."

"அப்புறம்?"

"எறங்கிட்டேன்."

அவளுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. "பன்னண்டு வருஷமா ஒரு வண்டியில ஏறிக்கினு இருந்தீங்களாண்ணா?" என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பில் கண்ணீரும் வந்தது. அந்த நேரத்தில் வால்நுனித் தோல் பொட்டென்று கழன்றது. பாம்பு நாலு முழ நீளத்தில், புதுத் தீ மாதிரி, இரண்டு பேர் மடியிலும் ஒரே சமயத்தில் படுத்திருந்தது.

அடுத்த மாதம் மெர்லினுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள். தாய்மாமன் சவுரிராயன் வெள்ளை கவுனும் கிரீடமும் வாங்கி வந்து, மாலை போட்டு, கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போனார். வீட்டில் தனியாக விட்டால் பின்னாலேயே வந்துவிடும் என்பதால் பாம்பு அவர் தோளில் துண்டு மாதிரிக் கிடந்தது. ஒருவர் எழுந்து, மாதா காலால் மிதிப்பதையா கோயிலுக்குள் கொண்டுவருவது என்று கேட்டார். பங்குத்தந்தை மாதா சுரூபத்தை ஒருமுறையும் சவுரிராயனை ஒருமுறையும் பார்த்துவிட்டு, அது வேறு பாம்பு, இது வேறு பாம்பு என்றார். அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது மட்டும் அசையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அசையவில்லை. முன்வரிசை பெஞ்சில் செசிலி அத்தைக்கு இடம் பற்றாமல் அருள்நாதன் கீழே பாயில் உட்கார்ந்தான்.

2011இல் மில்லில், மல்லாட்டைத் தொலிக் குவியலுக்குள் அந்தப் பாம்பு முட்டை போட்டது. சவுரிராயன் செல்போனில் கூப்பிட்டு, "ஜல்தி வா, திருப்பலாமா கூடாதா?" என்று கத்தினார். கூடாது என்று கத்திக்கொண்டே லூசியா பஸ் ஏறினாள். அந்தக் குட்டிகளும் தும்மின, தோல் உரித்தன, ஒருவாய் தின்றன, மறுநாள் டப்பாக்கள் காலியாக இருந்தன. யாரும் தேடவில்லை. அவை எங்கே போயின என்று இவர்களுக்குத் தெரியாது. பேர் தெரியாத யார் யார் வீட்டுக்கோ போயிருந்தன. இப்போது இந்த ஜில்லாவில் வாசற்படியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி தலை தூக்கி நின்றால் யாரும் கம்பைத் தேடுவதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும், உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மடியில் மிட்டாய் டப்பாவோடு ஏறுகிறவர்களைக் கண்டக்டர்கள் உள்பக்கம் உட்கார விடுவதில்லை.

"ஜன்னலோரமா உக்காருங்க, அதுக்கு காத்து வேணும்" என்கிறார்கள்.